உறுமாத வண்டி

"பொகையப் பிடிச்சு லாக்கப்புல போடப் போறியா, பிள்ளே?"

எங்கள் ஜங்ஷனில் மினி பஸ்களுக்கு நேரம் எழுதும் டைம் கீப்பர் என்னிடம் கேட்டது இது. பேரூராட்சிக்கு நான் கொடுத்த மனுவின் நகல் அவர் கையில் இருந்தது. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து என் கையெழுத்தைத் தட்டிக் காட்டினார். சுற்றி நின்ற டிரைவர்களைப் பார்த்து, "மீன்காரிக்க மவ இங்கிலீசுல ஒப்பு போட்டிருக்கா, பாத்தியளா டேய்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை நின்றேன்.

"நகல் கிடைச்சுதுன்னு நீங்களும் ஒரு ஒப்பு போட்டுத் தாருங்க அண்ணாச்சி" என்றேன்.

"நான் எதுக்குப் போடணும்?"

"தமிழ்ல போட்டாலும் போரும்."

இப்போது டிரைவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ஆழ்கடல் படகில் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். எந்தத் தாளை நீட்டினாலும் கட்டைவிரலை நீட்டுவார். அம்மா கடியப்பட்டணம் கடற்கரையில் விடியும் முன்னே மீன் எடுத்து, டெம்போவில் ஏற்றி, இந்த ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து விற்பவள். ஒன்பதாம் வகுப்பில் என் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னதற்காக, இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். அம்மா விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டை முறியும்வரை அடித்தாள். பிறகு முறிந்த துண்டால் அடித்தாள். வலது கெண்டைக்காலில் அதன் தழும்பு இருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதே ஜங்ஷனில் சர்ட்டிஃபிகேட்டுக்கும் மனுவுக்கும் ஆட்கள் வரும் கம்ப்யூட்டர் கடையில் இன்று வேலை பார்க்கிறேன். ஊரார் மனுக்களை எல்லாம் நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். எனக்கென்று எழுதிய முதல் மனு அது.

மனுவில் கேட்டது ஒன்றுதான். ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும்.

அம்மா உட்காரும் இடம் ஸ்டாண்டின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. கீழே சாக்கு, அதன்மேல் பலகை, முன்னால் அலுமினியச் சருவத்தில் சாளையும் அயிலையும். மினி பஸ் பின்னால் எடுத்து வந்து நின்றால் அதன் சைலன்சர் குழாய், உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வாய்க்கு நேராக வரும். அம்மாவின் முந்தானையில் வாயைப் பொத்தும் இடம் மட்டும் எப்போதும் கறுத்திருக்கும். எவ்வளவு துவைத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. போன வருஷம் மழை முடிந்ததும் இருமல் பிடித்தது. படியேறினால் நெஞ்சில் விசில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"இன்னும் ஒரு வருஷம் இந்தப் புகையில இருந்தா நெஞ்சு தாங்காது. இடத்தை மாத்துங்க" என்றார் டாக்டர்.

"பகரம் ஒரு எடம் நீரு தருவீரா டாக்டரே?" என்று கேட்டாள் அம்மா. அவர் மாத்திரை எழுதினார்.

அம்மா அந்த இடத்தை விடமாட்டாள். அவளிடம் மீன் வாங்குகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் வந்து நிற்கும் இடம் அது. நாலு கடை தள்ளி உட்கார்ந்தால் வேறொருத்தியிடம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே அம்மாவை நகர்த்த முடியாது. புகையைத்தான் நகர்த்த வேண்டும்.

நிற்கும் வண்டியில் எஞ்சின் எதற்கு ஓடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். எஞ்சின் ஓடினால் வண்டி இப்போது எடுக்கப் போகிறது என்று அர்த்தம். அணைந்து கிடந்தால் டிரைவர் சாயா குடிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நேரம் எழுதிய பலகை இருக்கிறது, டைம் கீப்பர் இருக்கிறார், ஒருவரும் அவரிடம் போய்க் கேட்பதில்லை. எது உறுமுகிறதோ அதில் சாடி ஏறுவார்கள். டிரைவர்களுக்கு இது தெரியும். புறப்பட இருபது நிமிஷம் இருக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்து, மறுபடி ஒரு முழம் பின்னால் எடுப்பார்கள். தூரத்தில் வருகிறவர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். மண்டைக்காட்டுக் கோயில் கொடை நாட்களில் ஐந்தாறு வண்டிகள் ஒன்றாக நின்று இப்படி உறுமும். அம்மா அந்த நாட்களில் சாயங்காலம் பேசமாட்டாள். பேச மூச்சு இருக்காது.

பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி எஞ்சினை அணைக்க வேண்டும், மீறினால் அபராதம். சந்தோஷத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மஞ்சள் போர்டு ஒன்று வந்தது. போர்டு நட்ட ஆட்கள் அதை அம்மாவின் தலைக்கு மேலே, பின்சுவரை ஒட்டி நட்டுவிட்டுப் போனார்கள். யாரால் வந்த போர்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு மினி பஸ்கள் போகும். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். சாயங்காலம் நீல வண்டி நாலு இருபதுக்கு, மஞ்சள் வண்டி நாலரைக்கு. போர்டு வந்த முதல் நாள் நீல வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றார். மஞ்சள் வண்டிக்காரர் புத்திசாலி. தீர்மானத்தில் 'ஸ்டாண்டில்' என்றுதானே இருக்கிறது? எல்லைக்கு வெளியே, பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி உறுமவிட்டார். ஜனங்கள் நீல வண்டியைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மஞ்சள் வண்டியில் போய் ஏறினார்கள். முதலில் போகும் வண்டி காலியாகப் போயிற்று. பின்னால் போகும் வண்டியில் படியில் தொங்கினார்கள். ஒரு வாரம் இப்படி நடந்தது.

நீல வண்டி டிரைவர் அதுவரை அம்மாவை மாமி என்று கூப்பிட்டவர். "நல்ல சாளையா நாலு மாத்தி வச்சிரும் மாமி" என்று சன்னலிலிருந்து தலையை நீட்டிச் சொல்வார். தோள் அகன்ற, எப்போதும் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து வைத்திருக்கும் ஆள். அந்த வாரத்தில் அவர் மீன் வாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காலிச் சருவத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மஞ்சள் போர்டுக்குக் கீழிருந்து நடந்து, எஞ்சின் அணைந்து நின்ற நீல வண்டியின் வாசலைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்த மஞ்சள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நீல வண்டி டிரைவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தின் பாதிவரை ஓடிவந்து கத்தினார்.

"மாமி! ஒமக்க மவ போர்டு நட்டுவா, நீரு ஓடுத வண்டியில போய்ச் சாடி ஏறுவீரு! நான் என்னத்துக்கு இஞ்ச அணச்சுப் போட்டுட்டு இருக்கேன்? பொணத்துக்குக் காவலா?"

அம்மா படியிலிருந்து, "அது இப்பம் எடுக்கும்லா மக்கா" என்றாள்.

"எனக்க வண்டி பத்து மினிட்டு முன்னால போவும், கேட்டீரா!"

அம்மாவுக்கு அது புரியவில்லை. உறுமும் வண்டிதான் முதலில் போகும் என்பது அவள் உடம்பில் ஊறிக் கிடந்தது. எனக்கு முகம் எரிந்தது. அந்த நிமிஷத்தில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. நான் கடையை விட்டு இறங்கிப் போய் அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படித்தவள் என்ற கர்வம் என் காலைக் கட்டிப் போட்டது.

மறுநாள் காலை அவர் வண்டியைப் பின்னால் எடுத்து வந்தார். வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தவில்லை. அம்மாவின் சருவத்துக்கு ஒரு கை தூரம் இருக்கும்வரை வந்தார். கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார்.

கரும்புகை குழாயிலிருந்து வந்து அம்மாவின் முகத்தில் மோதிச் சிதறியது. சாளையின் வெள்ளி நிறம் மறைந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவர் மறுபடி மிதித்தார். அம்மா கையால் வண்டியின் பின்தகட்டை அடித்தாள். அவர் மறுபடி மிதித்தார். அம்மா குனிந்து இருமினாள். இருமல் நிற்காமல், தன் மீனின் மேலேயே வாந்தி எடுத்தாள். ஸ்டாண்டில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கடையில் ஒரு பெரியவரின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எழுந்து வருவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் பெண்ணின் குவியலில் இருந்து ஒரு கிழங்கை உருவினாள். நல்ல தடித்த கிழங்கு. அதன் மெல்லிய நுனியைச் சைலன்சர் குழாய்க்குள் செருகி, மீன் வெட்டும் கட்டையைத் தூக்கி ஓங்கி அடித்தாள். மூன்று அடி. கிழங்கு இறுகி உள்ளே போயிற்று. எஞ்சின் இரண்டு தடவை விம்மியது, வண்டி முழுக்க ஒரு குலுக்கல், அணைந்துவிட்டது.

ஜங்ஷன் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். "இப்பம் சட்டம் ஒழுங்கா நடக்குது டேய்!" என்று ஒரு குரல் வந்தது.

அந்தச் சிரிப்புதான் அவரைக் கீழே இறக்கியது என்று நினைக்கிறேன். கதவைத் திறந்து குதித்து, ஓடிவந்து சருவத்தை எட்டி உதைத்தார். மீன் ரோட்டில் பரந்தது. "ஏலே, வெளங்காதவனே" என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் அம்மாவின் கொண்டையைப் பிடித்துத் திருகி, கன்னத்தில் அறைந்து, தள்ளிவிட்டார். அம்மாவின் நெற்றி நடைபாதைக் கல்லின் விளிம்பில் மோதிய சத்தத்தை நான் கேட்டேன். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியாது. சாளைச் செதில்கள் ஒட்டிய முகத்தில் ரத்தம் இறங்கி, ஒரு கண்ணை மூடியது.

வண்டி உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு அடை வைக்கும் கட்டை ஒன்று கீழே கிடந்தது. வேப்பமரக் கட்டை, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். தூக்கினேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருடைய முகத்தில் அப்போது ஒரு பயம் வந்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தபிறகுதான் அடித்தேன். கட்டை அவர் வாயில் விழுந்தது. பல் தெறித்தது. அவர் வாயைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தார். நான் மறுபடி தூக்கி, குனிந்திருந்த அவர் தோளில் இறக்கினேன். எலும்பு மரத்தில் பட்ட அதிர்வு என் முழங்கைவரை வந்தது. எனக்கு இனித்தது. பொய் சொல்லமாட்டேன், இனித்தது. மூன்றாவது தடவை தூக்கியபோது என் காலை யாரோ பிடித்தார்கள். ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் தரையில் ஊர்ந்து வந்த அம்மா, விளக்குமாற்றுத் தழும்பு இருக்கும் அதே கெண்டைக்காலைப் பிடித்திருந்தாள்.

"போரும்ட்டி, போரும். செத்துப்போவான்."

கட்டையைக் கீழே போட்டேன்.

அம்மாவுக்கு நெற்றியில் தையல். அவருக்கு உதட்டில் தையல், இரண்டு முன்பல் போயிற்று, தோளில் எலும்பு முறியவில்லை. கட்டு போட்டுக்கொண்டு, போலீஸ் இரு தரப்பையும் கூப்பிட்ட நாளில் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். டைம் கீப்பரும் வந்தார். சமாதானம் பேச வந்ததாகச் சொன்னார்.

"பாரு பிள்ளே, மாமிக்கு ஆஸ்பத்திரிச் செலவ நாங்க ஏத்துக்கிடுதோம். அவனும் கேஸ் வேண்டாம்னு எழுதித் தருவான். நீ மனுவ வாபஸ் வாங்கிரு. போர்ட நாங்களே எடுத்திருவோம். மாமிய சந்தைக்குப் பொறவால, அங்கோட்டு இருத்துவோம். பொகையும் இல்ல, பெகளமும் சண்டையும் இல்ல."

"அங்க யாரு வந்து மீன் வாங்குவா அண்ணாச்சி?"

"பூனை வரும்" என்றார், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. அவரால் கிண்டல் பண்ணாமல் இருக்க முடியாது.

அம்மா என் காதருகே குனிந்தாள். மூச்சில் அந்த விசில் சத்தம். "சம்மதிச்சிரு மக்களே. ஒனக்க பேருல கேஸ் வந்தா கவர்மெண்டு வேல கிட்டாது. எனக்கு என்னத்துக்குட்டி எடம்? நான் இன்னும் எத்தன நாளு?"

அதுதான் எனக்கு வேண்டாம். அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். நான் தாள் கேட்டேன். எழுத்தர் எழுதுகிறேன் என்றார். நானே எழுதுகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தபோது, டிரைவர் கொடுத்திருந்த புகாரை எஸ்.ஐ. வாசித்துக் காட்டினார். நாலு ஆண்கள் சேர்ந்து கட்டையால் தாக்கியதாக அதில் இருந்தது. அடையாளம் தெரியாத நாலு பேர்.

"நாலு பேரு இல்ல சார். நான் ஒருத்தி" என்றேன்.

டைம் கீப்பர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "டேய், நாலு பேரும் இந்தச் சுடிதாருக்குள்ளயாடே இருந்தாவ?" என்றார். எஸ்.ஐ. முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரைவரின் காது சிவந்தது.

நடந்ததை எழுதினேன். புகை, வாந்தி, கிழங்கு, சருவம், கொண்டை, கல், கட்டை. முதல் அடி வாயில். இரண்டாவது அடி, அவர் மண்டியிட்டிருந்தபோது, தோளில். எழுதி முடித்து வாசித்தேன்.

தையல் போட்ட உதட்டை அதிகம் அசைக்காமல் டிரைவர் கேட்டார். "ரெண்டாவது அடிய எதுக்கு எழுதுன? அத யாரும் சொல்லலயே."

"அடிச்சேம்லா?" என்றேன். "அது தப்பு. முதல் அடிக்கு நான் வருத்தப்படல. ரெண்டாவதுக்கு வருத்தப்படுகேன். அணஞ்ச வண்டியில ஆளு ஏறல, அதப்பத்தி நீங்க சொன்னதும் உள்ளதுதான். மனுவ வாபஸ் வாங்கமாட்டேன்."

தன் புகாரையும் அவர் திரும்ப வாங்கவில்லை. எங்கள் இரண்டு பேர் மேலும் வழக்குப் பதிவாகியிருக்கிறது. ஸ்டேஷன் தாளில் கைநாட்டு இல்லாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் எங்கள் குடும்பத்தில் நான்தான். வெளியே வந்ததும் அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பெருமையப் பாரு சவத்துக்கு" என்றாள். அவள் கையில் பழைய பலம் இல்லை. அடியை வைத்து அதை நான் அளந்தேன்.

அம்மா அந்த வாரமே தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள். போர்டு இருக்கிறது. யாரோ சாணி எறிந்திருக்கிறார்கள், எழுத்து தெரிகிறது. நீல வண்டி மறுபடி ஓடுகிறது, அதே டிரைவர். அபராதத்துக்குப் பயந்து அணைத்துத்தான் நிறுத்துகிறார். ஆனால் எத்தனை நாளைக்கு? காலி வண்டியை ஓட்டிக்கொண்டு ஒருவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் எஞ்சின் மறுபடி ஓடும், குழாய் மறுபடி அம்மாவின் வாய்க்கு நேராக வரும். பாலத்துக்கு வெளியேயும் அணைக்க வேண்டும் என்று இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மன்றம் கூட நாளாகும். அதுவரை தாளால் ஆகாத ஒரு காரியம் மிச்சமிருந்தது.

நேற்று நாலு மணிக்குக் கடையில் சொல்லிவிட்டு இறங்கினேன். நீல வண்டி அணைந்து நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வண்டி உறுமியது. நான் நீல வண்டியில் ஏறி, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும்படி சன்னலோரம், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன்.

டைம் கீப்பர் ஓடிவந்தார். "ஏ பிள்ளே, இறங்கு. இவன் வண்டியிலயா? இன்னும் ரத்தம் காயல."

"நாலு இருபதுக்குத்தானே எடுப்பாரு? இருக்கேன்."

"அவன் உன்னக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளுவான்."

"எங்க வீடு அங்கதான் அண்ணாச்சி."

டிரைவர் சாயாக்கடையிலிருந்து வந்து சீட்டில் ஏறினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இடது கையால் தோளைத் தடவிக்கொண்டார். சாவியைத் தொட்டார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் கை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. அவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஏறு" என்று சன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

சருவத்தோடு எழுந்த அம்மா நீல வண்டியைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். "அது அல்லவாட்டி எடுக்கப் போவுது" என்றாள்.

"இல்ல. இதுதான் முதல்ல போவும். ஏறு."

கண்டக்டர் வந்தார். நான் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.